விக்கலுக்குச் சொன்ன பொய்

மாஸ்டருக்கு விக்கல் வந்துவிட்டால் போதும், தையல் கடையில் ஆளாளுக்கு வைத்தியராகிவிடுவார்கள்.

“நாக்குக்கு அடியில ஒரு சிட்டிகை சர்க்கரை வைங்க மாஸ்டர், பட்டுனு நின்னுடும்” என்பார் காலர் பெரியம்மா. சட்டைக்குக் காலர் தைப்பது அவர் வேலை.

“சர்க்கரையாவது ஒண்ணாவது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காதைப் பொத்திக்கணும்” என்பார் இஸ்திரி அண்ணன்.

“மொதல்ல தண்ணி குடிங்க மாஸ்டர்” என்பாள், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் குண்டூசியின் அம்மா.

மாஸ்டர் யார் மனதையும் நோகடிக்க மாட்டார். சர்க்கரையை வாயில் வைத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, அப்படியே தண்ணீரும் குடிக்கப் பார்த்துச் சட்டையை நனைத்துக்கொள்வார். விக்கல் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். டீ வந்ததும் பிஸ்கட்டை மெல்லாமல் விழுங்குகிறவருக்கு விக்கல் வராமல் வேறென்ன வரும்?

குண்டூசி ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் மாஸ்டர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கடைக்கு வந்துவிடுவாள். அம்மாவின் வேலை முடியும் வரை சும்மா உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது. அதனால் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைத் தன் ஸ்கேலின் முனையில் கட்டிக்கொண்டு, மெஷின்களுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து குண்டூசி பொறுக்குவாள். யார் காலிலும் ஊசி ஏறாமல் இருந்ததற்கு அவள்தான் காரணம்.

கடையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த ஆள் காஜா அக்கா. சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்குக் காஜா என்று பெயர். அதன் ஓரத்தைச் சுற்றி நூலால் நெருக்கமாகப் பின்ன வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பிய்ந்துகொண்டு வந்துவிடும். காஜா அக்கா பின்னிய துளை, சட்டையே கிழிந்தாலும் அப்படியே இருக்கும். கந்தல் துணியில் குண்டூசிக்கும் அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி போட்ட முதல் காஜாவைப் பார்த்து, “இது காஜாவா, எலி கடிச்ச எடமா?” என்று கேட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை எல்லாவற்றையும் கெடுத்தது.

அன்று குண்டூசி உள்ளே நுழைந்தபோது கடையில் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. யாரும் தலை நிமிரவில்லை.

“என்னம்மா ஆச்சு?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“மாஸ்டரோட பெரிய கத்தரிய காணோம். வாயத் திறக்காம உட்காரு” என்றாள் அம்மா.

அந்தக் கத்தரியை மாஸ்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது. கறுப்புப் பிடி, அதில் சுற்றிய துணி, தூக்கினால் கை வலிக்கும் கனம். துணி வெட்டும் மேசைக்கு மேலே அதற்கென்று ஓர் ஆணி உண்டு. இப்போது ஆணி மட்டும் இருந்தது. மேசை, அலமாரி, ஆணி மூன்றையும் மாறி மாறிப் பார்த்து அலுத்துப்போன மாஸ்டர், வாசலில் நின்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காஜா அக்காவுக்கு விக்கல் வந்தது.

பள்ளிச் சீருடை தைக்கும் காலம் அது. வெள்ளைச் சட்டைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. சாப்பிட நேரமில்லாமல் ஒரு பன்னை இரண்டே வாயில் அவள் விழுங்கியிருந்தாள். ஒவ்வொரு விக்கலுக்கும் கை தூக்கிப் போட்டது. ஊசி விரலில் குத்தியது. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அந்தச் சட்டை அவ்வளவுதான். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, “இது வேற, நேரங்காலம் தெரியாம” என்று முனகினாள்.

தண்ணீர் குடித்தாள். நிற்கவில்லை. பெரியம்மா நீட்டிய சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டாள். நிற்கவில்லை. மறுபடியும் ஊசி குத்தியது.

குண்டூசிக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு இன்னொரு வைத்தியம் தெரியும். அது அவள் வீட்டு வைத்தியம். குண்டூசிக்கு விக்கல் எடுத்தால் அம்மா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, “சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணது நீதானே?” என்பாள். “நானா? நான் தொடவே இல்ல” என்று குண்டூசி கொதித்துப்போவாள். கொதிப்பு அடங்கும்போது விக்கல் காணாமல் போயிருக்கும். செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்ல வேண்டும். கேட்பவள் அதிர்ந்துபோக வேண்டும். அதுதான் அந்த வைத்தியத்தின் சூட்சுமம்.

பெரிய அதிர்ச்சியாகக் கொடுத்தால் சீக்கிரம் நிற்கும் என்று நினைத்தாள் குண்டூசி. அந்தக் கடையில் அன்றைக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு எதுவும் இல்லை.

அவள் அக்காவின் எதிரில் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அம்மாவைப் போலவே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

“அக்கா, மாஸ்டரோட கத்தரிய நீங்கதானே எடுத்தீங்க? நான் பார்த்தேன்.”

அக்காவின் முகம் வெளுத்துப்போயிற்று. வாய் திறந்தபடி நின்றது. விக்கல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை.

“நின்னுடுச்சு” என்று குண்டூசி கை தட்டினாள்.

அவளுக்குப் பின்னால், கையில் போனுடன் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

“நீ பார்த்தியா?” என்றார்.

“இல்ல மாஸ்டர். விக்கல் நிக்கட்டும்னு சும்மா சொன்னேன்.”

“விளையாட்டுக்குச் சொல்லுது மாஸ்டர். இது ஒரு வைத்தியம்” என்றாள் காஜா அக்கா. அவள் குரல் நடுங்கியது. நடுங்காமல் இருந்திருக்கலாம். அந்த நடுக்கத்தையும் மாஸ்டர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

“சின்னப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனசுல இருக்கறதுதான் வாயில வரும். அதான் கேட்டதும் உனக்கு விக்கல் அடங்கிடுச்சே. குத்தம் செய்யாதவளுக்கு எதுக்கு அடங்கணும்?”

“மாஸ்டர், நான் ஏன் எடுக்கப் போறேன்?”

“அத நீதான் சொல்லணும். சனிக்கிழமைக்குள்ள கத்தரி அந்த ஆணிக்கு வரணும். வரலைன்னா அடுத்த வாரம் நீ வர வேண்டாம்.”

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது மாஸ்டர் காஜா அக்காவின் பையை வாங்கி மேசையில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தண்ணீர் பாட்டில், மடித்த கைக்குட்டை. எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குண்டூசியின் முகத்தையும்தான்.

செவ்வாய்க்கிழமை குண்டூசி நேரே மாஸ்டரிடம் போனாள்.

“மாஸ்டர், நான் சொன்னது பொய். சத்தியமாப் பொய்.”

“யாரு இப்படிச் சொல்லச் சொன்னாங்க? அவளா?”

“யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்.”

“நேத்து வந்துச்சே, அதுதான் நீயாச் சொன்னது. இது யாரோ சொல்லிக்கொடுத்தது” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஒரு சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு துணியை விரித்தார்.

குண்டூசிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பொய் சொன்னபோது அவள் குழந்தை, அதனால் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோதும் அவள் குழந்தைதான், அதனால் நம்பவில்லை. இது என்ன நியாயம் என்று அவளுக்குப் புரியவே இல்லை. பெரியவர்களான நமக்கு மட்டும் புரிந்துவிடுகிறதா என்ன?

கடையில் ஒன்று ஒன்றாக மாறியது. வழக்கமாகக் கொக்கியில் தொங்கும் பெரியம்மாவின் பர்ஸ் அவர் மடிக்கு வந்துவிட்டது. இஸ்திரி அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டார். யாரும் யாரையும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. காஜா அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மட்டும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

குண்டூசி கந்தல் துணியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, இந்தத் தையல் சரியா பாருங்க.”

“வேலை இருக்கு” என்றாள் அக்கா.

அன்றிரவு சாப்பிடும்போது குண்டூசி கேட்டாள்: “அம்மா, அது நம்ம வீட்டு வைத்தியம்தானே? நீ மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்னா என்னையும் அவளோட சேர்த்துடுவார். என் பையையும் கவிழ்ப்பார். அப்புறம் உன் ஸ்கூலுக்கு யார் பதில் சொல்றது? சாப்பிடு.”

அம்மாவுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை காஜா அக்காவின் பையை மாஸ்டர் கவிழ்த்து முடித்ததும், அவளுக்குப் பின்னால் குண்டூசி போய் நின்றாள். தன் பள்ளிப் பையைத் தூக்கி மேசையில் கொட்டினாள். நோட்டுகள், பென்சில் பெட்டி, பாதி தின்ற கொய்யா, காந்தம் கட்டிய ஸ்கேல் எல்லாம் உருண்டு விழுந்தன.

“என்ன இது?” என்றார் மாஸ்டர்.

“என் பையையும் பாருங்க மாஸ்டர். நானும்தான் தினம் இங்க வரேன்.”

“கொழுப்பா? எடுத்துட்டுப் போ.”

அவள் மெதுவாக எடுத்து அடுக்கினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த காஜா அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமையும் குண்டூசி அதையே செய்தாள். கொய்யா மட்டும் இல்லை.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே குண்டூசி கடையில் இருந்தாள். ஆணி காலியாகவே இருந்தது. மாலையில் வெட்டுத்துணி வாங்குகிறவர் சைக்கிளோடு வருவார். மேசையோரம் சேர்ந்த துண்டுத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போவார். அத்தோடு வாரம் முடிந்துவிடும். காஜா அக்கா தன்னுடைய ஊசிகளை எல்லாம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததைக் குண்டூசி பார்த்தாள். கடை ஊசிகளைத் தனியே ஒரு துணியில் குத்தி வைத்தாள்.

டீ வந்தது. மாஸ்டர் இரண்டு பிஸ்கட்டைச் சேர்த்து வாயில் போட்டு விழுங்கினார். அப்புறம் என்ன, விக்கல்தான்.

“சர்க்கரை வைங்க மாஸ்டர்” என்றார் பெரியம்மா.

“மூச்சைப் பிடிங்க” என்றார் இஸ்திரி அண்ணன்.

மாஸ்டர் சர்க்கரையை வைத்தார், மூச்சைப் பிடித்தார், காதைப் பொத்தினார், சட்டையை நனைத்துக்கொண்டார். விக்கல் நிற்கிற பாடில்லை. கையில் இருந்த சாக்குக்கட்டி துணியில் கோணலாகக் கோடு இழுத்தது.

மேசையடியிலிருந்து குண்டூசி வெளியே வந்தாள். மாஸ்டரின் எதிரில் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, முகம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

“மாஸ்டர், பெரிய கத்தரிய நீங்கதான் எடுத்தீங்க. எடுத்துட்டு அக்கா மேல பழி போட்டுட்டீங்க.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இஸ்திரி அண்ணன் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

மாஸ்டரின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. எல்லோரும் அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“என்னடி சொன்னே?” என்று மாஸ்டர் இரைந்தார். முழு வாக்கியமும் தடங்கலில்லாமல் வந்தது.

அப்போது ஓவர்லாக் மெஷினிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“விக்கல் நின்னுடுச்சு மாஸ்டர்” என்றாள் அம்மா. அவள் எழுந்து நின்றிருந்தாள். “எங்க வீட்டுல இதுதான் வைத்தியம். திங்கக்கிழமையே நான் சொல்லியிருக்கணும்.”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். குண்டூசியைப் பார்த்தார்.

“குத்தம் செய்யாதவங்களுக்கு எதுக்கு அடங்கணும்னு கேட்டீங்களே மாஸ்டர்” என்றாள் குண்டூசி. “அப்ப நீங்கதான் எடுத்தீங்களா?”

“என் கத்தரிய நான் எதுக்கு எடுத்து ஒளிச்சு வைக்கணும்?”

“அக்காவும் அதைத்தானே கேட்டாங்க. நீங்க பதில் சொல்லல.”

பெரியம்மா மடியிலிருந்த பர்ஸைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“மாஸ்டர், இன்னும் யாருமே கத்தரிய சரியாத் தேடல” என்றாள் குண்டூசி. “அக்கா எடுத்துட்டாங்கன்னு சொன்னதும் எல்லாரும் தேடறத விட்டுட்டீங்க. இப்பவாவது தேடலாமா?”

மாஸ்டர் மேசையைக் காலி செய்யத் தொடங்கினார். எப்போதும் செய்வதுபோல முழங்கையை மேசையில் வைத்து, துண்டுத் துணிகளை எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளினார். அவை மேசையோரம் வாய் திறந்திருந்த மூட்டைக்குள் விழுந்தன. துணிகளோடு சேர்ந்து அவருடைய இஞ்ச் டேப்பும் விழுந்தது. மெத்தென்ற துணியில் விழுந்ததால் சத்தமே இல்லை. மாஸ்டர் அதைக் கவனிக்கவும் இல்லை.

குண்டூசி கவனித்தாள்.

அவள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மூட்டையின் முன்னால் மண்டியிட்டாள். காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினாள். இரண்டு குண்டூசிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மறுபடியும் விட்டாள். ஒரு கொக்கி வந்தது. கையைத் தோள் வரை நுழைத்து அடியில் விட்டபோது, டக் என்று ஒன்று பிடித்துக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. அவ்வளவு கனம்.

இஸ்திரி அண்ணன் வந்து மூட்டையைக் கவிழ்த்தார். நீலமும் வெள்ளையுமாகத் துணிகள் சரிந்தன. அவற்றின் நடுவே கறுப்புப் பிடி தெரிந்தது.

“திங்கக்கிழமை காலையிலயும் போன் பேசிக்கிட்டே தள்ளிவிட்டிருக்கீங்க” என்றார் இஸ்திரி அண்ணன் மெதுவாக. மாஸ்டரின் விக்கலுக்காகக் குண்டூசி சொன்ன பொய்யில் பாதி மெய்யாகிவிட்டது. கத்தரியைத் தொலைத்தது மாஸ்டரேதான்.

மாஸ்டர் கத்தரியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் ஆணியில் மாட்டினார். “சரி சரி, மெஷினை ஓட்டுங்க. திங்கக்கிழமை டெலிவரி இருக்கு” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எங்கோ மூட்டையில் தள்ளிவிட்டிருந்தார் போலிருக்கிறது. அதைத் தேடி எடுக்கக் குண்டூசியிடம் காந்தம் இல்லை.

மாலை ஆயிற்று. எல்லோரும் கிளம்பினார்கள். காஜா அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்று, தன் பையை எடுத்துத் தானே திறந்தாள்.

“இன்னிக்கு வேண்டாம்மா. நீ கிளம்பு” என்றார் மாஸ்டர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“இல்ல மாஸ்டர். தினமும் பார்த்தீங்களே. இன்னிக்கும் பாருங்க.”

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள். சீப்பை வைத்தாள். தண்ணீர் பாட்டிலை, கைக்குட்டையை, ஊசி டப்பாவை வைத்தாள். அவசரப்படவே இல்லை. மாஸ்டர் பார்க்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் பார்க்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

குண்டூசி பின்னாலேயே ஓடினாள்.

“அக்கா, நான் கெட்டது நினைச்சுச் சொல்லல.”

“தெரியும். அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட பேசல?”

அக்கா நின்றாள். “தெரிஞ்சா வலிக்காதா?” என்றாள்.

குண்டூசி அவள் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“திங்கக்கிழமை வருவீங்களா அக்கா?”

“சீருடை முடியற வரைக்கும் வருவேன். பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது. அப்புறம் வேற கடை பார்த்துக்குவேன்.”

ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அப்போதுதான் குண்டூசிக்கு வந்தது. தெருவோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுகை முடிந்ததும் விக்கல் தொடங்கியது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா ஏதாவது சொல்லி அதிரவைத்தால் நின்றுவிடும். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

காஜா அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

“கொஞ்சம் கொஞ்சமாக் குடி. அவசரமில்ல.”

தண்ணீர் வைத்தியம் மெதுவாகத்தான் வேலை செய்யும். விக்கல் நிற்க ரொம்ப நேரமாயிற்று. அதுவரை அக்கா போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.